சத்தியபாய் டீச்சர் வீட்டு ஒழுக்கு

பெண்களின் நீர்க்கசிவு நோய்க்கென்று மாவறவிளைப் பஞ்சாயத்து ஓர் இரகசியத் திட்டம் தொடங்கியது. அது இரகசியத் திட்டம் என்பதை ஊர் முழுதும் அறிய வேண்டுமே. ஆகவே ஜனவரி மாதம் மூன்று நாள் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தார்கள். "இருமினால், தும்மினால், சிரித்தால் அடக்க முடியாமல் போகும் தாய்மாரே, சகோதரிமாரே, நாணம் வேண்டாம். உங்கள் பெயர் வெளியே வராது. பஞ்சாயத்து ஆபீசின் எட்டாம் நம்பர் ஜன்னலுக்கு வாருங்கள்" என்று ஆட்டோ கத்திக்கொண்டு போனது. அதன் பின்னால் மீன்காரரின் பைக் ஹாரன் அடித்தபடி வழி கேட்டது.

எட்டாம் ஜன்னலுக்கு மேலே 'இரகசியப் பிரிவு' என்று மூன்று மொழியில் எழுதி, இரவிலும் தெரியும்படி குழல்விளக்கு பொருத்தியிருந்தார்கள். வீட்டு வரி கட்டவும் பிறப்புச் சான்றிதழ் வாங்கவும் மற்ற ஏழு ஜன்னல்களில் வரிசையாக நிற்பவர்கள், எட்டாம் ஜன்னலில் நிற்பவரின் முகத்தை நேராகப் பார்க்கலாம். அப்படி அமைந்தது யாருடைய குற்றமும் அல்ல. கட்டடத்தின் வாஸ்து அப்படி.

சத்தியபாய் டீச்சர் அந்த அறிவிப்பைத் தன் அடுக்களையில் நின்று கேட்டார். வயது அறுபத்துநாலு. மலையாள மண்ணின் எல்லைப்புறத்துத் தமிழ்ப் பள்ளியில் முப்பத்தொரு வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். கிறிஸ்தவ சபையின் உபதேசியார் ஞானாபரணத்தின் மூத்த மகள். அந்தக் குடும்பத்துப் பெண்கள் ஆராதனையில் முன்வரிசையில் இருப்பார்கள். தெருவில் நின்று பேசமாட்டார்கள். தங்களுக்கு ஒன்று வேண்டும் என்று யாரிடமும் கேட்கமாட்டார்கள். கணவர் ரெத்தினதாஸ் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. மகன் மஸ்கட்டில், மகள் பெங்களூரில். ஞாயிறு தவறாமல் இருவரும் போனில் "சுகமா அம்மா?" என்பார்கள். "சுகம்" என்பார் டீச்சர். அதற்கு மேல் கேட்க அவர்களும் பழகவில்லை, சொல்ல இவரும் பழகவில்லை.

இரண்டு வருடமாக அந்தத் தொந்தரவு இருந்தது. முதலில் தண்ணீர்க் குடம் தூக்கும்போது. பிறகு தும்மும்போது. பிறகு கீர்த்தனையில் சுரம் மேலே ஏறும்போது. டீச்சர் முன்வரிசையை விட்டுக் கதவோரக் கடைசி வரிசைக்குப் போனார். இளநிறப் புடவைகளை மடித்துப் பெட்டியில் வைத்தார். வெளியே போகும் நாளில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். இவை எதுவும் அவருக்குப் பெரிய கஷ்டமாகத் தோன்றவில்லை. மாலை நான்கு மணிதான் கஷ்டம்.

நான்கு மணி விஜயம்மாவுக்கு உரியது. மதிலுக்கு அந்தப் பக்கத்து வீடு. அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இருபத்திரண்டு வருடமாக, நான்கு மணியானால் டீச்சரின் பின்வாசல் படியில் இருவரும் சாயா கிளாசோடு உட்கார்ந்துவிடுவார்கள். விஜயம்மா அன்று கண்ட மனிதர்களை எல்லாம் அப்படியே நடித்துக் காட்டுவார். உலகத்தில் சத்தியபாய் டீச்சர் வாய்விட்டுச் சிரித்தது அந்தப் படியில் மட்டும்தான்.

பதினொரு மாதத்துக்கு முன்பு ஒருநாள் விஜயம்மா, புதிதாக வந்த பேங்க் மேனேஜர் தமிழ் பேசுவதை நடித்தார். டீச்சர் சிரித்தார். அடக்க முடியாமல் சிரித்தார். படி நனைந்தது. டீச்சர் சட்டென்று எழுந்து, புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, "ஒனக்க கோமாளித்தனம் பாக்கத்துக்கா நான் இருக்கேன்? எனக்கு வேற சோலி இல்லியா?" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். விஜயம்மா கொஞ்ச நேரம் வெளியே நின்றார். பிறகு கிளாசைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

மதிலைச் சுற்றிப் போய் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். முப்பத்தொரு வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவருக்கு அந்த ஒரு வாக்கியம் வாயில் வரவில்லை. நான்கு மணிக்கு டீச்சர் அடுக்களையில் நின்றபடியே சாயா குடித்தார். மதிலுக்கு அப்பால் சில நாள் சிரிப்புச் சத்தம் கேட்கும். விஜயம்மாவுக்கு வேறு யாரோ கிடைத்துவிட்டார்கள் என்று டீச்சர் நினைத்துக்கொண்டார்.

பயமில்லாமல் சிரிக்க வேண்டும். அதற்குப் பிறகு விஜயம்மாவைக் கூப்பிட வேண்டும். இந்த ஒரே ஆசையோடு, ஊழியர்கள் சாப்பிட்டுக் கண்ணயரும் இரண்டேகால் மணி பார்த்து, டீச்சர் எட்டாம் ஜன்னலுக்குப் போனார்.

ஜன்னலுக்கு உள்ளே இருந்த கிளார்க் லேகா நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

"சாரே! ரகசியத்துக்கு ஒரு ஆள் வந்திருக்கு! ஃபாரம் எங்க வச்சிருக்கு?"

ஏழு ஜன்னலிலும் தலைகள் திரும்பின.

"டீச்சருக்கு மலையாளம் போதுமா, தமிழ் வேணுமா? மொழிச் சிறுபான்மைக்காருக்குத் தமிழ் ஃபாரம் தனியே அடிச்சு வச்சிருக்கோம். இதுவரை ஒராளும் வாங்கல்ல. டீச்சர் வாங்கினா எங்களுக்கும் ஒரு பெருமையாக்கும்."

டீச்சர் தமிழ்ப் படிவத்தையே வாங்கினார். அந்தப் படிவம் சும்மா பிறந்ததல்ல. அதைப் பஞ்சாயத்தின் கண்ணியக் குழு மூன்று கூட்டம் போட்டுப் பரிசோதித்திருந்தது. சிறுநீர் என்ற சொல் ஆபாசம் என்று நீக்கப்பட்டது. பெண் என்ற சொல் தேவையில்லாமல் கவனத்தை ஈர்க்கும் என்று நீக்கப்பட்டது. இடுப்புத்தளம் என்ற சொல்லில் இடுப்பு மட்டும் நீக்கப்பட்டது. மிச்சம் இருந்ததை, பள்ளியில் தமிழ் படிக்காத ஒருவர் தமிழில் எழுதினார்.

'உமக்கு ஒழுக்கம் உண்டா? ஒழுக்கம் எத்தனை வருடமாக உண்டு? ஒழுக்கம் எப்போது மிகுதி: இருமும்போதா, தும்மும்போதா, சிரிக்கும்போதா? தளம் தளர்ந்துள்ளதா? ஒழுக்கத்தை அடியோடு நிறுத்த விரும்புகிறீரா?'

உபதேசியார் ஞானாபரணத்தின் மகள் இதைப் படித்தார். கன்னம் சூடேறியது. ஒழுக்கம் உண்டா என்று இந்தக் குடும்பத்தில் யாரையும் யாரும் கேட்டதில்லை. அடுத்த நிமிடம், நோயாளி போய் ஆசிரியை வந்துவிட்டார். கைப்பையில் இருந்து சிவப்பு மைப் பேனாவை எடுத்தார். ஒழுக்கம் என்று இருந்த இடமெல்லாம் அடித்து, மேலே 'ஒழுக்கு' என்று எழுதினார். மொத்தம் நாலு இடம்.

"ஐயோ டீச்சர், ஃபாரத்தில வெட்டும் திருத்தும் பாடில்ல."

"தப்பாட்டு கெடக்குத காயிதத்தில நான் ஒப்பு போடமாட்டேன் மக்கா. ஒழுக்கம் வேற, ஒழுக்கு வேற. கொணம் ஒண்ணு, கசிவு மற்றது."

"எனக்குத் தமிழ் அவ்வளவு பிடியில்ல. டீச்சர் செல்லுதது சரியாட்டுதான் இருக்கும்" என்று லேகா படிவத்தை வாங்கினாள். பிறகு இரகசிய விதிப்படி கத்தரிக்கோலை எடுத்து, திட்டத்தின் பெயர் அச்சடித்திருந்த மேற்பகுதியை நறுக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டாள். எந்தத் திட்டத்துக்கான படிவம் என்று இனி எவருக்கும் தெரியாது. பெயரும் விலாசமும் கீழே அப்படியே இருந்தன.

படிவம் மொழிபெயர்ப்புக்குப் போயிற்று. ஒழுக்கு என்பதற்கு மலையாளத்தில் சோர்ச்ச என்று சரியாகவே எழுதினார்கள். பஞ்சாயத்துக் கம்ப்யூட்டரில் சோர்ச்ச என்று தட்டினால் வருவது ஒரே ஒரு பிரிவு: வீட்டுப் பராமரிப்பு.

மார்ச் மாதத்தில் ஒருநாள் ஓவர்சியர் ஜெயதாஸ் இரண்டு ஆட்களும் ஏணியுமாக டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றார். மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

"டீச்சரே, பஞ்சாயத்தில இருந்தாக்கும். ஒழுகுதுண்ணு எழுதிக் கொடுத்திருக்கியளே?"

டீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டார். இரகசியப் பிரிவு ஓர் ஆண்பிள்ளையை அனுப்பும் என்று அவர் நினைக்கவில்லை. ஏணியோடு அனுப்பும் என்று நினைக்கவே இல்லை.

"எந்தப் பாகத்திலயாக்கும் ஒழுகுது? முன்பக்கமா, பின்பக்கமா?"

டீச்சர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"வெப்ராளப்படாதீங்க. இது எல்லாருக்கும் உள்ளதுதான். எனக்க வீட்டிலயும் போன மழைக்கு ஒழுகிச்சு. தார் பூசினேன், நின்னு போச்சு."

அப்போதுதான் டீச்சருக்கு விஷயம் விளங்கிற்று. மதிலுக்கு மேலே விஜயம்மாவின் தலை தெரிந்தது. ஏணி பிடித்த இரண்டு ஆண்கள் முற்றத்தில் நின்றார்கள். உண்மையைச் சொல்வதற்கு இதைவிட மோசமான சபை கிடையாது. வீட்டுக்கு ஒரு கெட்ட பெயர் வந்தால் அது வீட்டோடு போகட்டும், குடும்பத்துக்கு வர வேண்டாம் என்று டீச்சர் முடிவு செய்தார்.

"உள்ள வாங்க" என்றார்.

ஜெயதாஸ் முன்னறையில் நின்று படிவத்தைப் படித்தார். "வீட்டுக்க வயசு அறுபத்துநாலு. சரி. ஒழுக்கு ரெண்டு வருசமாட்டு. சரி. தளம் தளர்ந்திருக்கு. அடடா." தரையைக் காலால் ஓங்கி மிதித்துப் பார்த்தார். "இருமும்போ ஒழுகும், தும்மும்போ ஒழுகும், சிரிக்கும்போ ஒழுகும்... டீச்சரே, நான் இருபத்தாறு வருசமா இந்த வேலை பாக்கேன். இப்பிடி ஒரு கேசு பாத்ததில்ல. ஒண்ணு இருமுங்க, பாப்போம்."

"என்ன?"

"ஒண்ணு பலமாட்டு இருமுங்க. நான் கண்ணால பாத்தாத்தான் ரிப்போர்ட் எழுத முடியும்."

ஜெயதாஸ் டார்ச் அடித்துக் கூரையை அண்ணாந்து பார்த்தார். இரண்டு ஆட்களும் அண்ணாந்து பார்த்தார்கள். டீச்சர் இருமினார். கூரையில் இருந்து ஒரு சொட்டும் விழவில்லை. "ஒரு நிமிசம்" என்று சொல்லி டீச்சர் உள்ளே போனார். திரும்பி வர ஐந்து நிமிடம் ஆயிற்று. வேறு புடவையில் வந்தார். மூன்று பேரும் இன்னும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வெளிய தெரியாத ஒழுக்காக்கும். இதுதான் அபாயம்" என்றார் ஜெயதாஸ்.

அவர் அறிக்கை ஆறு பக்கம் வந்தது. மறுவாரம், விரிசல் ஒன்றுகூட இல்லாத கான்கிரீட் கூரைமேல் பஞ்சாயத்து முத்திரை அடித்த நீலத் தார்ப்பாய் விரிக்கப்பட்டது. நான்கு மூலையிலும் செங்கல் வைத்தார்கள். கேட்டில் மஞ்சள் காகிதம் ஒட்டினார்கள்: 'தளம் தளர்ந்த கட்டடம். இதனுள் உரக்கச் சிரிப்பதோ தும்முவதோ தடைசெய்யப்பட்டுள்ளது.'

தடையை மீற ஆளில்லை. அந்த வீட்டில் சிரிப்பு நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. தபால்காரர் கேட்டுக்கு வெளியே நின்று கடிதத்தை எறிந்தார். சபையில் இருந்து ஜெபிக்க வந்தவர்களும் கேட்டுக்கு வெளியே நின்றே, மெதுவான குரலில் ஜெபித்துவிட்டுப் போனார்கள். இரவெல்லாம் தார்ப்பாய் காற்றில் அடித்துக்கொண்டது. கட்டிலில் படுத்தபடி டீச்சர் ரெத்தினதாசை நினைத்தார். வீடு கட்டிக் கொடுப்பதுதான் அவர் தொழில். இந்தக் கூரைக்குக் கான்கிரீட் போட்ட அன்று மேலேயே பாய் விரித்துக் கிடந்து, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் ஊற்றியவர்.

ஏப்ரலில் கிராமசபை கூடியது. தார்ப்பாய் பெற்ற பயனாளிக்குப் பாராட்டுச் சான்றிதழ் உண்டு என்று சொல்லி டீச்சரை அழைத்து, மேடையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். எதிரே இருநூறு பெண்கள். நான்காவது வரிசையில் விஜயம்மா. மேடைக்குப் பின்னால் பெரிய பேனர். மலையாளத்தில் அது சரியாகவே இருந்தது; பெண்களின் சோர்ச்ச நோய் இல்லாத பஞ்சாயத்து என்று பொருள். அதற்குக் கீழே தமிழில் எழுதியிருந்தது: 'மாவட்டத்தின் முதல் ஒழுக்கமில்லாப் பஞ்சாயத்து.'

தலைவர் மோகனன் மைக்கைப் பிடித்தார்.

"சகோதரிமாரே, இன்னைக்கு ஒரு சரித்திர நாளாக்கும். இந்த நோய்க்கு நாங்க நானூறு ஃபாரம் அடிச்சோம். மூணு மாசத்தில சுகாதாரப் பிரிவுக்கு எத்தனை வந்துது? ஒண்ணுகூட வரல்ல! எட்டாம் ஜன்னல்ல சிலந்தி வலை கெட்டியிருக்கு. அந்த வலையை நான் தூக்கச் சம்மதிக்கல்ல. அது நமக்க ஆரோக்கியத்துக்கு அடையாளம்."

கைதட்டல்.

"எனக்க வீட்டில அம்மை உண்டு, பாரியாள் உண்டு, ரெண்டு அக்காமார் உண்டு. இதுவரை ஒருத்தியாவது தனக்கு ஒரு சொகக்கேடுண்ணு எனக்கிட்ட செல்லியிருக்காளா? இல்ல. நான் கேட்டிருக்கேனா? அதுவும் இல்ல. அதுக்குப் பேருதான் குடும்ப மரியாதை. அந்த மரியாதையை நான் பஞ்சாயத்து முழுசுக்கும் கொண்டுவந்திருக்கேன்."

மறுபடி கைதட்டல். மோகனனுக்கு உற்சாகம் ஏறியது.

"பெண்களுக்கு ஒழுக்கு இல்ல. ஆனா வீடுகளுக்கு உண்டு. டீச்சருக்க வீட்டை எடுங்க. டீச்சர் தும்மினா வீடு ஒழுகும். சிரிச்சா ஒழுகும். இப்பிடி ஒரு வீட்டைக் கெட்டினவன் ஆரு? சிமெண்டை வித்துத் தின்னிட்டு மண்ணைக் கொழச்சுப் பூசின கள்ளன் எவனோ!"

சபை சிரித்தது. வீட்டைக் கட்டியது யார் என்று தெரிந்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். தெரியாதவர்கள் தொடர்ந்து சிரித்தார்கள்.

டீச்சர் எழுந்தார். எழும்போதே கொஞ்சம் நனைந்தது. முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"தலைவர் கொஞ்சம் நிறுத்தணும்."

மோகனன் மைக்கை நீட்டினார். டீச்சர் வாங்கவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கப் பேசிய குரல் இன்னும் இருந்தது.

"அந்த வீட்டைக் கெட்டினது எனக்க வீட்டுக்காரர் ரெத்தினதாஸ். அதில ஒரு சொட்டு ஒழுகாது. இருமினா ஒழுகுறது நானாக்கும். தும்மினா, சிரிச்சா ஒழுகுறது நான். ரெண்டு வருசமாட்டு எனக்கு மூத்திரம் அடங்கல்ல. அதுக்காக்கும் உங்க எட்டாம் ஜன்னல்ல எழுதிக் கொடுத்தேன். நீங்க எனக்க கூரைமேல தார்ப்பாய் போட்டிய."

இருநூறு பெண்களும் தங்கள் மடியைப் பார்த்தார்கள். ஒருத்தியும் நிமிரவில்லை.

மோகனன் குனிந்து, மெதுவாக, ஆனால் மைக்கில், "டீச்சரே, இதை இப்ப செல்லப்படாது. இல்லைண்ணு அறிவிச்சு முடிஞ்சு போச்சு. மினிட்ஸில வீடுண்ணே கெடக்கட்டு" என்றார்.

டீச்சர் திரும்பிப் பேனரைப் பார்த்தார். அவர் கை, பழக்கத்தில், கைப்பைப் பக்கம் போயிற்று. பிறகு நின்றது.

"அந்தத் தமிழ் தப்புண்ணு நெனச்சேன்" என்றார். "தப்பில்ல. அது அப்பிடியே இருக்கட்டு."

மேடையை விட்டு இறங்கி, நடு வழியாக நடந்து வெளியே போனார். யாரும் கூட வரவில்லை.

மூன்று நாள் யாரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையிலும் அவரைச் சுற்றி இடம் விட்டே உட்கார்ந்தார்கள். மகன் மஸ்கட்டில் இருந்து "சுகமா அம்மா?" என்று கேட்டான். யாரோ அவனுக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள் என்பது குரலில் தெரிந்தது. "சுகம்" என்றார் டீச்சர். அவனும் விட்டுவிட்டான். நாலாம் நாள் பஞ்சாயத்தில் இருந்து பதிவுத் தபால் வந்தது. 'தங்கள் ஒழுக்கு கட்டடத்தில் நிகழாததால் பொறியியல் பிரிவின் வரம்பில் வராது. இப்பஞ்சாயத்தில் பெண்களுக்கு ஒழுக்கு இல்லையென அறிவிக்கப்பட்டுவிட்டதால் சுகாதாரப் பிரிவின் வரம்பிலும் வராது. ஆகவே மேற்படி ஒழுக்கு பஞ்சாயத்து எல்லைக்கு வெளியே நிகழ்ந்ததாகக் கருதி ஃபைல் முடிக்கப்படுகிறது.'

டீச்சர் அதைப் படித்து முடிக்கும்போது கேட் திறக்கும் சத்தம் கேட்டது. விஜயம்மா. முகம் கடுகடுவென்று இருந்தது. உள்ளே வந்து உட்காரவும் இல்லை.

"எட்டி சத்தியம், இருநூறு பேருக்க முன்னால மைக்கில்லாமக் கூவிச் செல்ல ஒனக்குத் தெரியும். மதிலுக்கு அந்தப் பக்கம் கெடக்கப்பட்ட எனக்கிட்ட செல்லத் தெரியாது. இல்லியா?"

"நாணமாட்டு இருந்து விஜயம்."

"ஒனக்க நாணத்தைக் கொண்டு அடுப்பில போடு. பதினாலு மாசம்! நான் என்ன தப்பு செய்தேன், என்ன தப்பு செய்தேன்னு யோசிச்சு யோசிச்சு எனக்குக் கிறுக்கு பிடிச்சு போச்சு. அந்த பேங்க் மேனேஜரை அதுக்குப் பெறவு நான் ஒராளுக்கும் காட்டல்ல, தெரியுமா?"

"ஒனக்க வீட்டில சிரிப்புச் சத்தம் கேக்குமே. ஒனக்கு வேற ஆளு கெடச்சுண்ணு நெனச்சேன்."

"அது டிவி ஆக்கும்" என்றார் விஜயம்மா.

பிறகுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்க நாத்தினார் பிரேமகுமாரிக்கும் இதேதான் உண்டாயிருந்து. காரக்கோணம் ஆஸ்பத்திரியில காட்டினா, சரியாச்சு. நாளைக்கு எட்டரை பஸ்ஸுக்கு எறங்கு. தண்ணி குடிச்சிட்டு வா. வழியில நனைஞ்சா நனையட்டு. நான் ஒரு புடவை அதிகம் எடுத்துக்கிடுதேன்."

டாக்டர் ஆர்யாவுக்கு முப்பது வயது இருக்கும். கதவைச் சாத்திவிட்டு, "அம்மாவுக்கு மூத்திரம் தெரியாமப் போவுதா? எப்போ எல்லாம்?" என்று நேராகக் கேட்டார். டீச்சர் சொன்னார். சொல்ல முடிந்தது. சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பரிசோதித்தார்கள். இல்லை. டாக்டர் படுக்கவைத்துப் பார்த்தார். பிறகு தன் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துத் தொட்டில்போலப் பிடித்துக் காட்டினார்.

"மூத்திரப் பையைக் கீழ இருந்து தாங்குற தசை இப்பிடி இருக்கும். பிரசவம், வயசு, மாதவிலக்கு நின்னது, எல்லாத்திலயும் தளர்ந்து போவும். இருமினா, சிரிச்சா மேல இருந்து ஓர் அழுத்தம் வரும். தாங்க மாட்டாம ஒழுகும். இது கெட்ட பழக்கமும் இல்ல, குத்தமும் இல்ல. வெளிய காத்திருக்கிற பெண்கள்ல எத்தனையோ பேருக்கு உண்டு. மூத்திரத்தை அடக்குற மாதிரி உள்ள இறுக்கிப் பிடிக்கணும். மெதுவா எண்ணணும். விடணும். ஒரு தடவைக்குப் பத்து, ஒரு நாளைக்கு மூணு தடவை. தண்ணி குறைக்கப்படாது. சாயா குறைக்கணும். மூணு மாசம் விடாமச் செய்யுங்க. அதில சரியாகல்லைன்னா வேற வழியும் உண்டு, ஆபரேஷன் வரைக்கும் உண்டு."

"இவ்வளவுதானா?" என்றார் டீச்சர்.

"ரெண்டு வருசமா ஏன் வரல்ல?"

"பஞ்சாயத்து வழியாட்டு சுத்தி வந்தோம் டாக்டர்" என்றார் விஜயம்மா.

இரண்டு வாரம் கழிந்தது. தார்ப்பாயைத் திரும்ப எடுக்க விதியில் இடமில்லை என்பதால் அது கூரைமேலேயே கிடந்தது. மாலை நான்கு மணிக்கு டீச்சர் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். கையில் பாதி கிளாஸ் சாயா. உதடு அசையாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, இறுக்கி, விட்டுக்கொண்டிருந்தார். எதிரே விஜயம்மா முந்தானையை மடித்துத் தலைப்பாகையாகக் கட்டி, ஓவர்சியர் ஜெயதாஸ் ஆகி, கையில் இல்லாத டார்ச்சை வானத்துக்கு அடித்தார்.

"இருபத்தாறு வருச சர்வீசாக்கும் டீச்சரே! வானத்தில ஓட்டை. தளம் தளர்ந்து போச்சு. ஆரு கெட்டின வானம் இது? ஒண்ணு இருமுங்க, பாப்போம்!"

டீச்சர் ஏழாவது எண்ணில் இருந்தார். எட்டுக்குப் போக முடியவில்லை. சிரித்தார். சாயா கிளாசைப் படியில் வைத்துவிட்டு, வாயைப் பொத்தாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தார். கொஞ்சம் ஒழுகியது.

டீச்சர் எழுந்திருக்கவில்லை.

"பெறவு?" என்று கேட்டார்.